ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 46. சில மாதங்களாக இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் உட்கார்ந்து ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும் என்று நண்பர் சொன்னார். செய்து பார்த்தேன், எண் 99 ஆனது, ஆனால் தலை சுற்றியது, விரல் நுனிகள் மரத்துப்போயின. என் நுரையீரல் நன்றாக இருக்கிறதா?

பதில்: முதலில் அந்த மூச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ஓர் எண் கூடியதைத் தவிர அதனால் உங்களுக்கு நன்மை எதுவும் இல்லை, கெடுதல் உண்டு. காரணத்தைப் புரிந்துகொள்ள, நுரையீரலின் கடைக்கோடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளை பிரிந்து, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. அவை அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒவ்வொரு நுண்ணறையையும் ரத்தத் தந்துகிகள் நெருக்கமாகச் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் பல இடங்களில் அரை மைக்ரான் தடிமன்கூட இல்லாதது. ஆக்சிஜனைத் தள்ளிவிட அங்கே எந்த இயந்திர ஏற்பாடும் கிடையாது. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு தானாக நகர்கிறது, அவ்வளவுதான். இதை நம்புவது ஒரு காலத்தில் நிபுணர்களுக்கே கடினமாக இருந்தது. நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து ரத்தத்துக்குள் செலுத்துகிறது என்று டென்மார்க்கின் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் உறுதியாகக் கருதினார். அவரிடம் பயின்ற ஆகஸ்ட் குரோவும் அவருடைய மனைவி மரீயும்தான், அழுத்த வேறுபாடு ஒன்றே போதும் என்று 1910இல் அளந்து காட்டினார்கள்.

அந்த வேறுபாடு எவ்வளவு? நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், உடலைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் ரத்தத்தில் 40. எனவே ஆக்சிஜன் உள்ளே வருகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு ரத்தத்தில் 46, நுண்ணறையில் 40. ஆறே மி.மீ. வேறுபாடு என்றாலும், அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகச் சுவரைக் கடப்பதால் சிரமமின்றி வெளியேறிவிடுகிறது.

இனி உங்கள் 98க்கு வருவோம். உள்ளே வரும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதியைச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. நுண்ணறையின் 100 மி.மீ. அழுத்தத்திலேயே அது கிட்டத்தட்ட நிறைந்துவிடும். நிறைந்த ஹீமோகுளோபினில் மேலும் ஏற்ற இடமில்லை. எவ்வளவு மூச்சிழுத்தாலும் 98 என்பது 99 ஆகலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சேராது. ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்கு அப்படி எல்லை இல்லை. வேகமாக மூச்சுவிட விட அது வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓரிரு நிமிடங்களில் 40 என்ற அளவு 25 வரைகூட இறங்கலாம். அப்போது ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தத்தில் தனித்திருக்கும் கால்சியம் அயனிகள் குறைகின்றன. உங்கள் தலைச்சுற்றலும் மரத்துப்போதலும் இதனால்தான். சுரப்பு விஷயத்தில் தவறிய கிறிஸ்டியன் போர், 1904இல் கண்டறிந்த இன்னோர் உண்மை இன்றும் நிற்கிறது: கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு, திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆக, கருவியில் எண் கூடிய அந்த நேரத்தில் உங்கள் மூளைக்குக் கிடைத்த ஆக்சிஜன் குறைந்துதான் இருக்கும்.

நீச்சலுக்கு முன் இப்படி மூச்சுவிட்டுவிட்டு நீருக்குள் மூழ்குபவர்களை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடின் ஏற்றமே. அதை முன்கூட்டியே இறக்கிவிட்டால், தவிப்பு வருமுன்பே நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். யாருக்கும் இதைப் பரிந்துரைக்காதீர்கள்.

அப்படியானால் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது ஏன்? ஓய்வில் எடுத்த 98 இதற்குப் பதில் சொல்லாது. உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது; முதல் கால் விநாடியிலேயே அது ஆக்சிஜனால் நிறைந்துவிடும். மீதி நேரம் கையிருப்பு. மாடி ஏறும்போது இதயம் வேகமாகத் துடித்து, அந்தக் கையிருப்பைப் பெருமளவு தின்றுவிடுகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் கவலையில்லை. தழும்பேறித் தடித்திருந்தால், ஓய்வில் 98 காட்டிய அதே ரத்தம் இப்போது முழுதாக நிறையுமுன்பே அவசரமாகக் கடந்துவிடும். ஆகவே ஏறுவதற்கு முன் ஒரு முறையும், மேலே போனவுடன் ஒரு முறையும் அளவு பாருங்கள். விரல் சூடாக, அசையாமல் இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம். கருவி நிலைபெறச் சில விநாடிகள் ஆகும். நான்கோ அதற்கு மேலோ குறைந்தால், அல்லது 90க்குக் கீழ் போனால், நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வைத்து, அது எவ்வளவு ரத்தத்தில் ஏறுகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சுவரை வாயு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை அது காட்டும். பயப்பட வேண்டாம், அந்த அளவு கெடுதல் செய்யாது.

எண் குறையவே இல்லை என்றாலும் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். ஆக்சிமீட்டர் சொல்வது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. 100 மில்லி ரத்தத்தில் 14 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் அது சுமார் 18 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 7 கிராம் இருந்தால் 9 மில்லிதான். இருவருக்கும் கருவி 98 காட்டும்! மூச்சு வாங்குவது இரண்டாமவருக்கு. புகைபிடிப்பவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் பிடித்ததாகவே கணக்கிட்டுவிடும்.

நுரையீரலும் ரத்தமும் சரியாக இருந்தால், அடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும், இ.சி.ஜி., எக்கோ இரண்டும் எளிய சோதனைகள். உடற்பயிற்சி இல்லாமை, எடை கூடியது ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் சில மாதங்களுக்குள் புதிதாக வந்த மூச்சிரைப்பை அவற்றின் தலையில் கட்டிவிட்டு, சோதிக்காமல் இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கிடையே உட்கார்ந்திருக்கும்போதே எண் 92க்குக் கீழ் இறங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மார்பு வலியோ மயக்கமோ வந்தாலோ, சந்திப்பு நேரத்துக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.