ரத்தத்தில் புற்று செல் தேடப் போகிறாளாம் மகள்

அம்மா, உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே பயம்தான்: பயோடெக் எடுத்தால் வேலை கிடைக்காது. பயத்தில் நியாயம் இருக்கிறது. வெறும் பி.டெக். பயோடெக்கை நம்பி நான்காம் வருட முடிவில் நல்ல சம்பளம் எதிர்பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆனால் மகள் ஆராயப் போவதாகச் சொல்லும் 'சி.டி.சி.' (சர்குலேட்டிங் டியூமர் செல்ஸ்) என்னவென்று பார்த்துவிட்டு முடிவு செய்வோமே.

கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தோடு சுற்றும் புற்று செல்கள் அவை. 1869லேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர் இவற்றைப் பார்த்து எழுதிவிட்டார். பார்ப்பது ஒன்று, பிடித்து எண்ணுவது வேறு. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்களே சுமார் 500 கோடி. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லி ரத்தத்தில் 5 புற்று செல் இருந்தாலே கவலைப்பட வேண்டிய எண்ணிக்கை! அமெரிக்காவில் 2004ல் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவி காந்தத் துகள்களை வைத்து இவற்றை இழுத்தெடுக்கிறது. 2007ல் பாஸ்டனில் ரத்தத்தை நுண்ணிய தூண்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பிடிக்கும் சிப் வந்தது. அதைச் செய்த குழுவில் முக்கியமானவர் மெஹ்மெட் டோனர், மெக்கானிக்கல் படித்தவர்.

மெக்கானிக்கல்! அதனால்தான் சொல்கிறேன், பயோடெக் மட்டுமே வாசல் இல்லை. மகளை இழுப்பது கருவியா, செல்லா என்று முதலில் கேளுங்கள். கருவி என்றால் மெக்கானிக்கல், கெமிக்கல், இ.சி.இ. எதையும் எடுக்கலாம், ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் பிழைப்புக்கு வழி உண்டு. செல் என்றால் பாதை நீளம். பி.எஸ்சி., எம்.எஸ்சி., நெட் தேர்வு, அப்புறம் ஐந்து வருடமாவது பிஎச்.டி. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அவள் செலவுக்குப் போதும், வீட்டுக் கடனை அடைக்கப் போதாது. வீட்டில் அந்த அவசரம் இருந்தால் அவளிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று. கீமோ தொடங்கியும் ரத்தத்தில் இந்தப் புற்று செல்களின் எண்ணிக்கை குறையாத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சீக்கிரமே மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். 2014ல் வெளியான முடிவு: ஆயுள் கூடவில்லை. எண்ணிக்கை ஆபத்தைச் சரியாகத்தான் காட்டியது. மாற்றிக் கொடுத்த கீமோவால் பலன் இல்லை. வருடக்கணக்கில் உழைத்து இப்படி ஒரு விடை வந்தால் மகள் என்ன செய்வாள்? பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால் இரண்டு நாள் சாப்பிடாத பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேலையை விட அதுதான் யோசனையாக இருக்கிறது. அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள்.