ப்ரீஆம்ப் கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைவாக வைத்துப் பதிந்துவிட்டு, பிறகு மென்பொருளில் ஒலியைக் கூட்டினால் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு. எப்போதும் காதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். டைனமிக் மைக்கில் மெதுவாகப் பேசினால் அதுவும் தேறாது. அதைத் தூக்கி நிறுத்துவது ப்ரீஆம்ப். 60 டெசிபல் கெயின் என்றால் மின்னழுத்தம் 1000 மடங்கு ஆகிறது. இந்த முதல் கட்டத்தில் சேரும் இரைச்சலை, பின்னால் வரும் கட்டங்கள் குரலோடு சேர்த்தே பெருக்கும்.

கெயினைக் குறைத்தால் குரல், அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றும் சுற்றின் இரைச்சலை நெருங்கிவிடும். அப்புறம் மென்பொருளில் 30 டெசிபல் ஏற்றினால் அந்த ‘உஸ்’ சத்தமும் அதே 30 டெசிபல் ஏறும். சரி, முழுக்கத் திருகிவிடலாமா? வேண்டாம். கருவி தாங்கும் எல்லையைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்படும். அதை முழுதாக மீட்க வழியில்லை. 24 பிட் பதிவில் குரலின் உச்சங்கள் அந்த எல்லைக்கு 12 டெசிபல் கீழே (−12) நின்றாலே தாராளம்.

வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப் கதை வேறு. அதில் உள்ளீட்டுக் கெயினை வேண்டுமென்றே ஏற்றி, வெளியீட்டைக் குறைத்துக்கொண்டால் லேசான ஹார்மோனிக் சிதைவு (குரலின் அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் கூடுதல் ஒலிகள்) சேர்ந்து குரல் கனமாகக் கேட்கும்.

ஒன்று: மின்விசிறிச் சத்தத்துக்கு ப்ரீஆம்பைத் திட்டாதீர்கள். அது மைக்குக்குள்ளேயே குரலோடு கலந்துதான் வருகிறது. கெயினைத் திருகிப் பயனில்லை, மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள்.