அத்தைக்கு எழுதுவது போல

கேள்வி: அரசியல் பத்தி எழுத ஆசை. ஆனால், "பெண்களுக்கு அதெல்லாம் சரிப்படாது, புத்தக விமர்சனம் எழுதிப் பழகு" என்கிறார் ஒரு மூத்த பத்திரிகையாளர். நான் தெரிந்துகொள்ள வேண்டிய பெண் பத்தியாளர் யாராவது உண்டா?
- இதழியல் மாணவி

பதில்: புத்தக விமர்சனம் என்றதுமே எனக்கு மேரி மெக்ரோரிதான் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவின் பாஸ்டனில் 1918-ல் ஓர் அஞ்சலக எழுத்தருக்கு மகளாகப் பிறந்தவர். 1947-ல் 'வாஷிங்டன் ஸ்டார்' நாளிதழில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்ததும் புத்தக விமர்சன வேலைதான். ஏழு வருடம் அதைத்தான் செய்தார்.

அப்புறம் 1954 வந்தது. கண்ணில் பட்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று சொல்லி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி நாட்டையே மிரட்டிக்கொண்டிருந்த காலம். அவருக்கும் ராணுவத்துக்கும் இடையிலான தகராறு செனட்டில் விசாரணைக்கு வந்தது. ஆசிரியர் நியூபோல்ட் நோய்ஸ் மேரியை அங்கே அனுப்பினார். "உனக்குப் பிரியமான அத்தைக்குக் கடிதம் எழுதுவது போல எழுது" என்றார். மேரிக்கு அப்போது 35 வயது. அந்த விசாரணை பற்றி 36 கட்டுரைகள் எழுதினார்.

'துணைக்குழு இன்று கூடி ஆலோசித்தது' என்று அத்தைக்கு யாராவது எழுதுவார்களா? யார் முகம் வெளுத்தது, எந்தக் கேள்விக்குப் பிறகு அறை அமைதியானது என்றுதானே எழுதுவோம்! "உங்களுக்குக் கொஞ்சமும் நாகரிகமே இல்லையா, ஐயா?" என்று ராணுவத்தின் வழக்கறிஞர் ஜோசப் வெல்ச் மெக்கார்த்தியைக் கேட்டது அந்த விசாரணையில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து, பேச்சை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, "அவர் பேசும்போது முன்வரிசை என்ன செய்தது?" என்று கேட்டார் என் ஆசிரியை. என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து என் நோட்டில் இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் பார்த்தது. மேரியை விரும்பிப் படிப்பதற்கு அந்த வலது பக்கம்தான் காரணம்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது போன்ற பேச்சு அவருக்கும் வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' வாஷிங்டன் அலுவலகத்தில் அவருக்கு வேலை தர முன்வந்த ஜேம்ஸ் ரெஸ்டன், காலையில் டெலிபோன் சுவிட்ச்போர்டையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மேரி அங்கே போகவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: ஆட்சியில் இருப்பவர்களை எதிர்த்து எழுதியதால் அவருக்குத் தொல்லை வரவில்லையா?

பதில்: வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அதிபர் நிக்சனின் ஆட்கள் தயாரித்த 20 பேர் கொண்ட எதிரிகள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 'தினமும் நிக்சன் மீது வெறுப்புக் கட்டுரைகள்' என்று பக்கத்திலேயே குறிப்பு வேறு. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நிக்சன் தரப்பு ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த வாட்டர்கேட் விவகாரம் பற்றிய விசாரணையின்போது, 1973-ல், அந்தப் பட்டியல் வெளியே வந்தது. மறுவருடம் நிக்சன் பதவி விலகினார். 1975-ல் மேரிக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கருத்துக் கட்டுரைப் பிரிவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

1981-ல் 'ஸ்டார்' மூடப்பட்டதும் 'வாஷிங்டன் போஸ்ட்'டுக்குப் போனார். அறுபதைத் தாண்டிய பிறகும் நேரில் போய் உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை விடவில்லை. 2003-ல் பக்கவாதம் வரும்வரை எழுதினார். மறுவருடம், 85 வயதில் காலமானார்.

அந்த மூத்தவர் சொன்னதற்காக விமர்சனம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள், அதையும் எழுதுங்கள். அடுத்து நடக்கும் அரசியல் கூட்டத்துக்குச் சீக்கிரமே போய், முன்வரிசையின் முகங்கள் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.