எபேசியர் 2:8-ல் "இது தேவனுடைய ஈவு" என்பது விசுவாசத்தையா, இரட்சிப்பையா குறிக்கிறது?

இரட்சிப்பு முழுவதையும் குறிக்கிறது.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." குழப்பத்துக்குக் காரணம் நம் இலக்கணம். கிருபை, விசுவாசம், இரட்சிப்பு எல்லாமே தமிழில் அஃறிணை. "இது" எதோடும் ஒட்டிக்கொள்ளும். மூலமொழியான கிரேக்கத்தில் அப்படியில்லை. காரிஸ் (கிருபை), பிஸ்டிஸ் (விசுவாசம்) இரண்டும் பெண்பால். "இது" என்று வரும் டூட்டோவோ ஆண்பாலுமல்ல, பெண்பாலுமல்ல. எனவே அது தனிச் சொல் ஒன்றைச் சுட்டாமல், முன்னால் சொன்ன செய்தி முழுவதையும் சுட்டுவதாகக் கொள்வதே பொருத்தம். (இரண்டாவது "இது" மூலத்தில் கிடையாது, தமிழ் வாக்கியம் நிற்பதற்காகச் சேர்த்தது.)

கிரேக்கம் தெரியாவிட்டாலும் சோதிக்கலாம். 9-ஆம் வசனத்தில் "இது கிரியைகளினால் (நம் செயல்களால்) உண்டானதல்ல" என்று தொடர்கிறார், இந்த நிருபத்தை எழுதிய பவுல். அங்கே "விசுவாசம்" என்று போட்டுப் படியுங்கள், சப்பென்று இருக்கும். விசுவாசம் கிரியையால் வருகிறது என்று யார் சொன்னார்கள்? "இரட்சிப்பு" என்று போட்டால் வாதம் சரியாக உட்காரும். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இறையியலாளர் கால்வினே தம் உரையில், ஈவு என்பதை விசுவாசத்தோடு மட்டும் நிறுத்துவது தவறு என்கிறார். விசுவாசம்தான் அந்த ஈவு என்று அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை!

அப்படியானால் விசுவாசம் என் பங்கா? அதுவும் இல்லை. முழுவதும் ஈவு என்றால் விசுவாசம் அதற்குள் அடக்கம். நேரடியான வசனம் வேண்டுமானால் பிலிப்பியர் 1:29-ஐ எடுங்கள்: விசுவாசிப்பது "அருளப்பட்டிருக்கிறது". அந்த வினைச்சொல் காரிஸோடு ஒரே வேரில் பிறந்தது.

"விசுவாசத்தைக்கொண்டு" என்பதையும் கவனிக்க வேண்டும். கத்தியைக்கொண்டு வெட்டினேன் என்பதுபோல, என் கையிலுள்ள கருவி என்று தமிழில் தொனிக்கிறது. மூலத்தில் உள்ள "தியா", இந்த இடத்தில் "வழியாக" என்று பொருள்படும். "விசுவாசத்தின் நிமித்தம்" மீட்கப்பட்டீர்கள் என்று பவுல் எங்குமே எழுதவில்லை. விசுவாசத்தை விலையாக நினைத்தால் அதுவே இன்னொரு கிரியையாகிவிடும்.

கிருபை முந்துகிறது என்பதில் கால்வினைப் பின்பற்றும் கால்வினியருக்கும், டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸைப் பின்பற்றும் ஆர்மீனியருக்கும் சண்டையில்லை. 1610-இல் ஆர்மீனியஸின் சீடர்கள் வெளியிட்ட ஐந்து கூற்றுகளே, கிருபையின்றி மனிதனால் நன்மையை விரும்பவும் முடியாது என்கின்றன. அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க முடியுமா என்பதில்தான் பிரிந்தார்கள். முடியும் என்றவர்கள் அப்போஸ்தலர் 7:51-ஐக் காட்டினார்கள். 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவர்களை மறுத்தது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ, கால்வினிய மரபில் வந்த பிரஸ்பிட்டேரியரும் ஆர்மீனிய மரபில் வந்த மெதடிஸ்டுகளும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

எல்லாம் ஈவுதானே என்று சும்மா உட்காருகிறவர்கள் பிலிப்பியர் 2:12-ஐ மட்டுமல்ல, 13-இன் முதல் சொல்லையும் பார்க்க வேண்டும். "பிரயாசப்படுங்கள்" என்றபின் "ஆனாலும்" வரவில்லை, "ஏனெனில்" வருகிறது: விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார், அதனால் பிரயாசப்படுங்கள்.