ஆட்சி கைமாறும் ஊரில் துணைத் தூதரகம் என்னாகும்?

கேள்வி: பன்னாட்டு உறவுகள் படிக்கிறேன். ஒரு பிரதேசம் சில ஆண்டுகளில் வேறொரு நாட்டின் வசம் போகப்போகிறது. அங்கே துணைத் தூதரகம் வைத்திருக்கும் மூன்றாவது நாட்டுக்குத் திட்ட அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கட்டடம், வாடகை, ஊழியர் எண்ணிக்கை எல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, அந்த மண்ணை ஆளும் அரசின் சம்மதம் இருந்தால்தான் துணைத் தூதரகம் இயங்க முடியும். பழைய அரசு தந்த சம்மதத்தைப் புதிய அரசும் மதிக்கும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. வரப்போகிறவர்களிடம் இப்போதே பேச வேண்டும், அதுவும் போகப்போகிறவர்களுக்குத் தெரிந்தே.

1997இல் பிரிட்டனின் கையிலிருந்து சீனாவின் கைக்குப் போன ஹாங்காங்கைப் பாருங்கள். 1997க்குப் பிறகு அங்கே தனக்கொரு தலைமைத் துணைத் தூதரகம் வேண்டும் என்பதை பிரிட்டன் சீனாவுடன் செய்துகொண்ட 1984 கூட்டறிக்கையிலேயே எழுதி வாங்கிவிட்டது. ஆண்டுகொண்டிருந்த நாட்டுக்கே அந்த நிலைமை! அமெரிக்காவோ தன் துணைத் தூதரகம் தொடர்வதற்கான உடன்பாட்டில் 1997 மார்ச் 25 அன்றுதான் சீனாவுடன் கையெழுத்திட்டது. ஜூலை 1 ஒப்படைப்புக்கு மூன்று மாதம்தான் பாக்கி. உங்கள் கால அட்டவணையிலும் இப்படிப்பட்ட இழுபறிக்கு இடம் விடுங்கள்.

அடுத்து, புதிய அரசோடு உங்கள் நாட்டுக்குத் தூதரக உறவு உண்டா? ஒப்படைப்புக்குப் பிந்தைய ஹாங்காங்குக்கு அரசியலமைப்பு போன்ற அடிப்படைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு நாடுகளை மூன்றாகப் பிரித்தது. உறவுள்ள நாடுகளின் அலுவலகங்கள் அப்படியே தொடரலாம். முறையான உறவு இல்லாதவை, நிலைமையைப் பொறுத்து, தொடரலாம் அல்லது பாதி அரசுத் தகுதி கொண்ட அலுவலகமாக இறங்கலாம். சீனா அங்கீகரிக்காத நாடுகளுக்கு அரசு சாரா அமைப்புக்கு மட்டுமே வழி. அப்போது பெய்ஜிங்கோடு அல்லாமல் தைவானோடு உறவு வைத்திருந்த தென்னாப்பிரிக்காவுக்கு இது பெரிய தலைவலி. 1998 ஜனவரி 1 முதல் பெய்ஜிங்கோடு உறவு என்று அது முடிவெடுத்ததற்கு ஹாங்காங்கும் ஒரு காரணம்.

அறிக்கையில் அதிகப் பக்கங்களை மக்களுக்கு ஒதுக்குங்கள். ஹாங்காங்கில் பிறந்த சீன வம்சாவளியினர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் சீனக் குடிமக்களே என்று 1996 மே மாதம் பெய்ஜிங் விளக்கம் தந்தது. அந்தக் கடவுச்சீட்டை வைத்துப் பயணம் போகலாம், ஆனால் குடியுரிமை மாற்றத்தை முறையாக அறிவிக்காதவரை ஹாங்காங்குக்குள் அந்த நாட்டின் தூதரகப் பாதுகாப்பு கிடையாது. அப்படி ஒருவர் கைதானால், கடவுச்சீட்டு தந்த நாட்டின் அதிகாரி அவரைச் சந்திக்கும் உரிமையைக் கோர முடியாது. எந்தக் கடவுச்சீட்டில் உள்ளே வந்தாரோ அந்த நாட்டவராகவே நடத்த வேண்டும் என்ற வாசகத்தை உடன்பாட்டில் கேட்டுப் பாருங்கள். எளிதில் தரமாட்டார்கள். விட்டுக்கொடுக்க வேறெதையாவது கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உள்ளூர் ஊழியரின் ஒப்பந்தம், ஆவணக் காப்பு, முத்திரை மாற்றம் எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். துணைத் தூதரகம் எந்தெந்தப் பகுதிகளைக் கவனிக்கும் என்ற அதிகார எல்லையை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். 1999 டிசம்பர் 20 அன்று பக்கத்திலுள்ள மக்காவ் போர்ச்சுகலிடமிருந்து சீனாவுக்குக் கைமாறியபின், பல நாடுகள் அதையும் ஹாங்காங்கிலிருந்தே கவனிக்கின்றன.

துணைத் தூதர் யாருக்குக் கீழ் என்பதையும் தீர்த்துவிடுங்கள். அமெரிக்கா தன் ஹாங்காங் அலுவலகத்தை பெய்ஜிங் தூதரகத்தின் கீழ் வைக்காமல் நேராக வாஷிங்டனுக்கே பதில் சொல்ல வைத்தது. பிரதேசத்துக்குத் தனிச் சட்டமும் தனி நிர்வாகமும் தொடருமானால் உங்கள் நாட்டுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.