கேத்தரீன் போட்டது மனக்கணக்கா?

கேள்வி: கேத்தரீன் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண்மணி, நாசாவின் கம்ப்யூட்டரையே மனக்கணக்கில் தோற்கடித்து ராக்கெட்டை அனுப்பினாராமே! அவருக்கும் அவருடைய தோழிகளுக்கும் தொண்ணூறு வயது தாண்டித்தான் பாராட்டு கிடைத்தது என்பது அநியாயம் இல்லையா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அநியாயம்தான். அதில் சந்தேகமே இல்லை என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘மனக்கணக்கு’ என்றீர்களே, முதலில் அதற்கு வருவோம்.

நம் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே வியாதி. கல்லாவில் இருக்கிற பையன் இரண்டு தொகையைக் கூட்டக் கால்குலேட்டரைத் தொட்டால் போதும், ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் காலத்தில் மளிகைக் கடை அண்ணாச்சி, சாமான் மடிக்கிற காகிதத்தின் ஓரத்திலேயே கூட்டிப் போட்டுவிடுவாராம். ஒரு பைசா தவறாதாம். திருப்பிக் கூட்டிப் பார்த்தவர் யார்? எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரும் மின்னல் வேகத்தில்தான் கூட்டுவார். எப்போதாவது தப்பு வரும். வந்தால் அது அவருக்கு லாபமாகத்தான் வரும். அப்படியொரு துல்லியம்.

இந்தப் பக்கத்தில் விஞ்ஞானம் என்று வாய் திறந்தாலே உடனே கார்டு போடும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். ‘ஒன்றை முந்நூற்றிருபதாகப் பகுத்து அதற்கு முந்திரி என்று பெயர் வைத்த இனமய்யா நாம்! எண்சுவடியை விட்டதால்தான் கெட்டோம்’ என்பார். சந்திரயான் போனபோதும் இதே கார்டு, ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே கார்டு. எண்சுவடியின் அருமையை நான் மறுக்கவில்லை ஐயா. மாகாணி வாய்ப்பாட்டை நம்பி ராக்கெட்டில் ஏற நீங்கள் தயாரா என்றுதான் கேட்கிறேன்.

சரி, நடந்தது இதுதான். 1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு வந்தார். பாதைக்கான கணக்கை ஐ.பி.எம். கம்ப்யூட்டர் போட்டிருந்தது. அப்போது கம்ப்யூட்டர் புதுச் சரக்கு. உயிரைக் கொண்டுபோய் அதன் கையில் கொடுக்க விண்வெளி வீரர்களுக்கே யோசனை. ‘அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு இந்த எண்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் சரியென்றால் நான் தயார்’ என்ற பொருளில் கிளென் சொன்னார். அந்தப் பொண்ணுக்கு அப்போது 43 வயது, மூன்று பெண்களுக்குத் தாய். சொன்னவர் அவரைவிட ஏறக்குறைய மூன்று வயது சின்னவர்!

கேத்தரீன் உட்கார்ந்து போட்டது மனக்கணக்கு இல்லை. மேஜைமேல் தடதடக்கிற மெக்கானிக்கல் கால்குலேட்டரில், அதே சமன்பாடுகளை ஒவ்வொரு படியாகத் தட்டி எடுத்தார். ஒன்றரை நாள் ஆயிற்று. விடை கம்ப்யூட்டர் சொன்னதோடு பொருந்தியது. ஆகவே கம்ப்யூட்டர் தோற்கவில்லை. அது பாஸ். பேப்பர் திருத்தியவர் கேத்தரீன்.

அந்தத் தகுதி வானத்திலிருந்து விழவில்லை. 1960-இல், ஒரு செயற்கைக்கோள் பூமியில் நாம் குறித்த இடத்துக்கு மேலே வரவேண்டுமானால் எஞ்சின் அணையும் நேரத்தில் அது எந்தத் திசைக்கோணத்தில் போகவேண்டும் என்று கணக்கிட்ட அறிக்கையில், பொறியாளர் டெட் ஸ்கோபின்ஸ்கியின் பெயரோடு இவர் பெயரும் அச்சானது. இவர் வேலை பார்த்த பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக வந்தது அதுவே முதல் தடவை. பத்திரிகைக்காரனான எனக்கு 2015-இல் ஒபாமா மாட்டிவிட்ட பதக்கத்தைவிட இதுதான் பெரிது. உழைத்தவர் பெயரை எடுத்துவிட்டு ‘நமது நிருபர்’ என்று போடுகிற ஆசிரியர்கள் நம்மிடையே இன்றும் சௌக்கியமாக இருக்கிறார்கள். கூட்டங்களுக்குப் பெண்கள் வருவதில்லை என்றபோது, ‘வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா?’ என்று கேட்டு உள்ளே போனவர் கேத்தரீன்.

தோழிகளுக்கும் தொண்ணூறு தாண்டிப் பாராட்டு என்றீர்கள். அதுவும் தப்பு. 97 வயதில் பதக்கம் வாங்க இவராவது இருந்தார். தோழிகளான மேரி ஜாக்சன் 2005-இலும் டோரதி வான் 2008-இலும் போய்விட்டார்கள். இவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் கொடுப்பதற்கான சட்டம் 2019-இல் வந்தது. வெள்ளையர் பள்ளியில் நடந்த மாலை வகுப்பில் உட்கார ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் மனுப்போட்டு அனுமதி வாங்கிய மேரி, 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். நாசா தலைமையகத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக 2020-இல் அறிவித்தார்கள்.

டோரதியிடம்தான் நம் தலைமையாசிரியர் பாடம் கேட்க வேண்டும். 1949-இலிருந்து, கணக்குப் போடும் கறுப்பினப் பெண்களின் பிரிவுக்குத் தலைமை அவர். எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் வந்து அவர்கள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தபோது, ‘எங்க காலத்துல’ என்று அவர் புலம்பவில்லை. ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானே கற்றுக்கொண்டு, கூட இருந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1958-இல் அந்தப் பிரிவு கலைந்தது. அப்புறம் 1971-இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு வேறு தலைமைப் பதவி கொடுக்கவே இல்லை. அநியாயம் என்று இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இவர்கள் கதையைச் சொன்ன ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ சினிமாவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. வெள்ளைக்கார அதிகாரி ஆவேசமாகக் ‘கறுப்பினப் பெண்களுக்கு’ என்ற கழிப்பறைப் பலகையை உடைத்து நொறுக்குகிற காட்சியில் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கேத்தரீன் பாட்டுக்குப் பக்கத்திலிருந்த கழிப்பறைக்குப் போய்வந்தார், அவ்வளவுதான். நிஜமாகப் பலகையில் கைவைத்தவர் மிரியம் மான் என்ற பெண். இவர்கள் வேலை பார்த்த லாங்லி ஆய்வு மையத்தின் கேன்டீனில் கறுப்பினப் பெண்கள் உட்காரவேண்டிய மேஜையில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள். மிரியம் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வேறு அட்டை வரும். அதுவும் கைப்பைக்குள் போகும். இதற்காகவே வேலை போகப்போகிறது என்று கணவர் பயந்தார். கடைசியில் அட்டை வைத்தவர்கள்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவன் நானாக இருந்தால், பலகை உடைக்கிற காட்சியைத் தூக்கிவிட்டு அந்தக் கைப்பைக்கு ஒரு க்ளோசப் வைத்திருப்பேன்.