கள்ளப் பதிப்பை அறிவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இணையக் கடை ஒன்றில் சமகாலத் தமிழ் நாவல் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கினேன். தாள் மெல்லியதாக இருக்கிறது. நண்பரிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்டால் எழுத்துகள் தடித்துத் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண் சரியாகவே இருக்கிறது. இது கள்ளப் பதிப்பா? மலிவு விலையில் வாங்கிய என் ‘பொன்னியின் செல்வன்’ பற்றியும் இப்போது ஐயம் வந்துவிட்டது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

‘பொன்னியின் செல்வன்’ பற்றிய ஐயத்தை விட்டுவிடுங்கள். கல்கியின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவர் 1954இல் மறைந்தார் என்பதால், ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்று சட்டம் வகுத்துள்ள பதிப்புரிமைக் காலமும் 2014உடன் முடிந்துவிட்டது. எந்தப் பதிப்பகமும் அந்நாவலைத் தன் பெயரில் அச்சிடலாம். உரிமை நடப்பில் இருக்கும் ஒரு நூலை, உரிமையாளர் அறியாமல், அவருடைய பதிப்பே என்று நம்பும்படி அச்சிட்டு விற்பதைத்தான் நாம் கள்ளப் பதிப்பு என்கிறோம்.

நீங்கள் வாங்கிய நாவலுக்கு வருவோம். தாள் மெலிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஆயிரம் பிரதிகளை ஒரே முறையில் ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து அச்சிடும் முறையில், அச்சிட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் குறைந்து, தேவைக்கேற்பச் சிறு எண்ணிக்கையில் டிஜிட்டல் முறையில் அச்சிடுவது பரவிவிட்டது. அதனால் ஒரே பதிப்பகத்தின் ஒரே நூல்கூட ஒரு முறை நல்ல மேப்லித்தோ தாளிலும் மறுமுறை சற்றுத் தாழ்ந்த தாளிலும் வரக்கூடும். தையல் கட்டாக இருந்தது வெறும் பசைக் கட்டாக மாறியிருக்கவும் கூடும். ஐ.எஸ்.பி.என். எண்ணும் சான்றாகாது. பின்னட்டையை அப்படியே நகலெடுப்பவருக்கு அந்த எண்ணும் பட்டைக்கோடும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

எழுத்து தடித்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பதிப்பகம் தன் கணினிக் கோப்பிலிருந்து நேராக அச்சிடும்போது எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழும். கள்ள அச்சடிப்பவரிடம் பெரும்பாலும் அந்தக் கோப்பு இருக்காது. அச்சான புத்தகத்தைப் பிரித்து ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை மறுபடி அச்சுக்கு அனுப்புகிறார். அப்போது தமிழ் எழுத்தின் நுண்ணிய இடங்கள்தான் முதலில் சிதைகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி ஊதிப் பெருக்கும் அல்லது மங்கி மறையும். ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். சில பக்கங்களில் வரிகள் இலேசாகச் சாய்ந்திருக்கும். உள்ளே புகைப்படங்கள் இருந்தால், முன்பே புள்ளிகளாக அச்சான படத்தின்மேல் மீண்டும் புள்ளிகள் விழுவதால் அலைபோன்ற பட்டைகள் தெரியும். பின்னட்டையில் உள்ள சிறிய கறுப்பு எழுத்துகளை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அசல் அட்டையில் அவை பொதுவாகத் தனிக் கறுப்பு மையில் திடமாக நிற்கும். ஸ்கேன் செய்த அட்டையில் அவற்றின் ஓரங்கள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகச் சிதறியிருக்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

இதற்கும் விலக்கு உண்டு. கணினிக் கோப்பே இல்லாத பழைய நூல்களைப் பதிப்பகங்களே ஸ்கேன் செய்து மறுபதிப்பாகக் கொண்டுவருகின்றன. உங்களுடையது சமகால நாவல் என்பதால் அந்த விலக்கு இங்கே பொருந்துவது அரிது.

விலையையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில்கூட வழக்கமான தள்ளுபடி பத்து சதவீதம்தான். பதிப்பகமே பழைய இருப்பைக் கழிவு விலையில் தள்ளும் நாட்கள் உண்டு; அப்போது அறிவிப்பு பதிப்பகத்திடமிருந்து வரும். பெயர் தெரியாத ஒரு விற்பனையாளர் ஆண்டு முழுவதும் புத்தம் புதுப் பிரதியைப் பாதி விலைக்கும் கீழே தருகிறார் என்றால், எழுத்தாளருக்கான உரிமைத்தொகையும் பதிப்பகத்தின் பங்கும் அந்த விலைக்குள் இல்லை என்றே நான் கருதுவேன். தமிழில் அந்த உரிமைத்தொகை பெரும்பாலும் விலையில் பத்து சதவீதம்தான். பல ஆண்டு உழைப்புக்குக் கிடைக்கும் அந்தச் சிறு தொகையையும் எழுத்தாளரிடமிருந்து பறிப்பதை என்னால் சிறிய குற்றமாகக் கருத முடியவில்லை. சட்டமும் அப்படிக் கருதவில்லை: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, ஆதாயத்துக்காக இதைச் செய்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் பிரதி கள்ளப் பதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்யக்கூடியவர் பதிப்பாளர்தான். எந்தத் தாளில், எந்த அச்சகத்தில் அடித்தோம் என்பது அவருக்குத் தெரியும். பதிப்பு விவரப் பக்கம், பின்னட்டை, ஓர் உள்பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து, விற்பனையாளரின் பெயரோடும் ரசீதோடும் அவருக்கு அனுப்புங்கள். இணையக் கடையிலும் புகார் பதிந்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் வரும்வரை பிரதியைப் பழைய புத்தகக் கடைக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிட வேண்டாம். பதிப்பாளர் வழக்குத் தொடுக்க முன்வந்தால் அவருக்கு அது சான்றாகத் தேவைப்படும்.